மூன்று படியும் தொனிக் குழுவும்

பழங்காநத்தத்தின் பின்தெரு ஒன்றில் இருக்கிற தொற்காள் நினைவு ஆலயத்துக்கு வாசலில் மூன்று படிகள். கட்டியவர்கள் கெட்ட எண்ணத்தில் கட்டவில்லை. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வந்துவிடக் கூடாது என்றுதான் கட்டினார்கள். தண்ணீரும் இதுவரை உள்ளே வந்ததில்லை. போன ஜூன் மாதத்திலிருந்து பெர்சி டீச்சரும் வரவில்லை.

பெர்சி டீச்சருக்குப் பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சில் பெரும்பகுதியும் போயிற்று. மிஞ்சியது ஒரு கைப்பிடிச் சொற்கள். அவற்றையும் ஏற்ற இறக்கம் இல்லாமல், படிக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தை எழுத்துக் கூட்டுவதுபோல் சொல்வாள். அவளுடைய கணவர் இன்பசேகரன், மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்தே வாழ்க்கையைக் கழித்தவர் என்பதால், தனக்கென்று ஒரு கருத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு ஏற்படவில்லை.

ஞாயிறுதோறும் பால்பாண்டியின் ஆட்டோவில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவார். ஆலயச் சுவரை ஒட்டிய புங்கை மரத்தடியில் ஆட்டோ நிற்கும். பெர்சி டீச்சர் அதற்குள் உட்கார்ந்தபடி, வெளியே கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் ஆராதனை கேட்பாள். பிரசங்கம் நன்றாகக் கேட்கும். பாட்டு பாதிதான் கேட்கும். எதிர்வீட்டில் தையல் நூலும் லைனிங் துணியும் விற்கிற கனகலட்சுமி, பிரசங்கம் தொடங்குகிற நேரம் பார்த்து ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து டீச்சருக்குப் புகட்டிவிட்டுப் போவாள். அவள் சௌராஷ்டிர வீட்டுப் பெண். பெருமாளைக் கும்பிடுகிறவள். பிரசங்கம் எப்போது தொடங்கும் என்பது சபையாரில் பலரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆரம்பத்தில் ஒருமுறை நான்கு பேர் சேர்ந்து சக்கர நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டாவது படியில் முன்சக்கரம் இடித்து, நாற்காலி சரிந்து, டீச்சரின் சேலை விலகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து யார் பக்கத்தில் வந்தாலும், "தூக்க வேணாம்" என்பாள்.

புது வருடக் காலண்டர் மாட்டிய வாரத்தில் ஒருநாள் அதைக் காட்டி, "குருத்தோலை. உள்ள," என்றாள். ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று எல்லோரும் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு படியேறிப் போகும்போது தானும் உள்ளே போக வேண்டும் என்பது அதன் பொருள். அவள் வேறு எதையும் கேட்டதில்லை.

இன்பசேகரன் சபைக் கமிட்டியில் ஓர் உறுப்பினர். பல வருடங்களாக அங்கே அவர் செய்த பணி, வடைத் தட்டை அடுத்தவருக்கு நகர்த்துவது. அந்த வாரக் கூட்டத்தில் முதல்முறையாக எழுந்து நின்றார்.

"வாசல்ல ஒரு ராம்ப்பு போட்டா நல்லாருக்கும். சிமெண்டு மணல் எல்லாம் நானே வாங்கித் தந்துருவேன்," என்றார்.

கமிட்டி உருகிவிட்டது. "இதெல்லாம் கேக்கணுமாண்ணே?" என்றார் செயலாளர். "நாமளா முன்னாடியே செஞ்சிருக்கணும்," என்றார் போதகர். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. வடை ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது என்பதை இன்பசேகரனாலேயே நம்ப முடியவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். போதகரும் அப்படியே ஜெபித்து முடித்திருக்கலாம். ஆனால் அவர் இளைஞர், இந்தச் சபைக்குப் புதியவர். "எந்தப் பக்கம் போடலாம்?" என்று கேட்டுவிட்டார்.

"இடப்பக்கம்தான்," என்றார் கிளமெண்ட். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அங்கதான் நிழல்."

"வலப்பக்கம்," என்றார் ஞானம். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்தவர். "சரிவுக்கு வாட்டம் அங்கதான் சரியா வரும். சின்னப் பிள்ளைகிட்டக் கேட்டு ரோடு போட்டா எப்படி இருக்கும்னு ஊருக்கே தெரியும்."

"இப்ப நீங்க பேசின தொனி இருக்கே…"

"என் தொனிக்கு என்ன? உங்க தொனிய முதல்ல கேட்டுப் பாருங்க."

"நான் கருத்தச் சொன்னேன்."

"நானும் கருத்தத்தான் சொன்னேன். உங்க கருத்துல கருத்தவிடத் தொனி ஜாஸ்தி."

கூட்டம் முடிந்தபோது செயலாளர் பதிவேட்டில் எழுதினார்: சரிவுப் பாதை குறித்த பேச்சு ஒத்திவைக்கப்பட்டது, பேசிய தொனி குறித்த பேச்சு எடுத்துக்கொள்ளப்பட்டது.

இவர்கள் இருவரையும் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இருவருமே நல்லவர்கள். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிளமெண்ட் சார் யாருக்கும் தெரியாமல் பீஸ் கட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் யாருக்கு இரத்தம் வேண்டுமென்றாலும் ஞானம் போய்ப் படுப்பார். கெட்டவர்கள் என்றால் அவர்களோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நல்லவர்களோடு என்ன செய்வது? அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அடுத்த கூட்டத்தில் தொனி ஒழுங்குக் குழு அமைந்தது. கருத்து வேறுபாட்டில் அனுபவம் உள்ளவர்கள் அவர்கள்தான் என்பதால் கிளமெண்டும் ஞானமுமே அதன் அமைப்பாளர்கள் ஆனார்கள்.

பதவியேற்றபோது கிளமெண்ட் சிறிதாக ஓர் உரை நிகழ்த்தினார். "சபையில இன்னைக்குத் தாழ்மை கொறஞ்சுபோச்சு. நான் தாழ்மையுள்ளவன். இதுல என்னைய மிஞ்சுறதுக்கு இங்க ஒருத்தர் இருந்தா கையத் தூக்கட்டும், பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. அவர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

ஞானம் எழுந்தார். "எனக்குக் கோபமே வராது. சந்தேகம்னா எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. பதில் சொல்ல வாயத் திறக்க மாட்டாங்க. வீட்ட அம்புட்டு அமைதியா வச்சிருக்கேன்."

குழு விதிகளை வகுத்தது. மறுத்துப் பேசுகிற எவரும் முதலில், "மதிப்பிற்குரிய சகோதரர் சொல்வதில் உண்மை இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கிளமெண்ட் 'உண்மை' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, 'இருக்கலாம்' என்று இழுக்கிறபோது, அந்தச் சகோதரரிடத்தில் உண்மை என்பது பேருக்குக்கூட இல்லை என்று தெளிவாகிவிடும். ஞானம் அதற்குப் பதிலே சொல்லாமல் புன்னகைப்பார். அந்தப் புன்னகையைப் பார்த்த கிளமெண்ட் ஒரு கூட்டத்தில் தண்ணீர் டம்ளரை ஓங்கி வைத்தார். அதன்பின், வரவேற்பிலும் நன்றியுரையிலும் தவிர மற்ற நேரங்களில் புன்னகைக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தது. டம்ளர் எவர்சில்வரிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது.

பேச்சின் சத்தத்தை அளக்கிற செயலி ஒன்றை ஞானம் போனில் இறக்கி, மேசை நடுவில் வைத்தார். அதில் கிளமெண்டின் குரல் மெல்லியது என்றும், ஞானத்தின் குரல் அதைவிட மெல்லியது என்றும் வந்தது.

"பாத்தீங்களா, இம்புட்டு மெதுவாத்தான் பேசுறேன்," என்றார் கிளமெண்ட்.

"அதான் சொல்றேன் சார். உங்க சத்தத்துல கோளாறே இல்ல."

"அப்ப எதுல கோளாறு?"

"போன் அதையெல்லாம் அளக்காது சார்."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இன்பசேகரனுக்கு ஒரு விஷயம் தெரியும். கமிட்டியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. வாசலின் இடப்புறச் சுவரில், ஆலயம் கட்டக் கைகொடுத்தவர்களின் பெயர் வெட்டிய கல் பதித்திருக்கிறது. அதில் கடைசி வரி ஞானத்தின் அப்பா பெயர். பாதை இடப்பக்கம் வந்தால் அந்த வரி மறைந்துபோகும். வலப்புறத்தில் ஒரு வரிசை குரோட்டன்ஸ். இறந்துபோன கிளமெண்டின் மனைவி வைத்தவை. பாதை வலப்பக்கம் வந்தால் அவற்றைப் பிடுங்க வேண்டும். நிழல், வாட்டம் என்பதெல்லாம் சும்மா.

ஒரு கூட்டத்தில் இன்பசேகரன் தைரியம் வரவழைத்துக்கொண்டு எழுந்தார். மதிப்பிற்குரிய சகோதரர்கள் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம் என்று விதிப்படி தொடங்கி, "ஞானம் அண்ணனுக்கு அப்பா பேரு மறஞ்சுருமோன்னு மனசு கஷ்டம். கிளமெண்ட் சாருக்கு அவரு வீட்டம்மா வச்ச செடி. அதச் சொல்லிட்டீங்கன்னா, கல்ல எடுத்து மேல பதிக்கலாம், செடிய வேற எடத்துல நடலாம். அம்புட்டுதானே," என்றார்.

பிறகு, அந்த வருடத்தில் முதல்முறையாக, கிளமெண்டும் ஞானமும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

"இது உள்நோக்கம் கற்பிக்கிறது," என்றார் கிளமெண்ட்.

"எங்க அப்பாவ இதுல இழுக்காதீங்க," என்றார் ஞானம். "நான் தொழில்நுட்பம் பேசுறேன். இவரு என்னமோ நான் பேருக்கு அலையுற மாதிரி பேசுறாரு."

"தொனி வேற ரொம்ப மென்மையா இருந்துச்சு. அதான் எனக்கு அதிகமா வலிக்குது," என்றார் கிளமெண்ட்.

இன்பசேகரன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. அவர் உடனே எழுந்து கேட்டார். இவ்வளவு உடனே கேட்டால் அதில் ஆழம் இருக்காது என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த வாரம் கேட்டார். அதில் களைப்புத் தெரிந்ததாக ஒருவர் சொன்னார். உண்மைதான், அவருக்குக் களைப்பாக இருந்தது. மூன்றாம் முறை போதகர், பார்க்கச் சகிக்காமல், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "போதும், ஏத்துக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டார். போதகர் சொன்ன தொனியைப் பற்றிப் பின்னால் ஒரு சிறு பேச்சு எழுந்து அடங்கியது.

ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் பெர்சி டீச்சர் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர், "பேசிக்கிட்டு இருக்காங்க," என்பார். அவள், "சரி," என்பாள்.

பிறகு, பாதிக்கப்பட்டவருடைய கருத்தையே நேரில் கேட்டுவிடலாம் என்று குழுவுக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை மாலை, ஹார்லிக்ஸ் பாட்டிலும் கமலா ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு இருவரும் இன்பசேகரன் வீட்டுக்கு வந்தார்கள். டீச்சர் பாதி முகத்தால் சிரித்து வரவேற்றாள்.

"டீச்சர், இடப்பக்கம்னா நல்ல நிழல். சரியா?" என்றார் கிளமெண்ட்.

"சரி."

"வலப்பக்கம்னா ஏத்தமே தெரியாதும்மா. சரிதானே?" என்றார் ஞானம்.

"சரி."

கிளமெண்ட் இன்பசேகரன் பக்கம் திரும்பினார். "கவனிச்சீங்களா? எனக்குச் சொன்ன சரியில ஒரு உறுதி இருக்கு. இவருக்குச் சொன்னது மரியாதைக்கு."

"அதெப்படி? உங்களுக்குச் சொன்னதுல ஒரு சலிப்பு இருந்துச்சு சார். எனக்குச் சொன்னதுதான் மனசுலருந்து வந்துச்சு."

"சலிப்பா? அவங்க என்கிட்டச் சலிச்சுக்க என்ன இருக்கு?"

ஞானம் கேட்டதைப் போனில் பதிவு செய்திருந்தார். திரும்பப் போட்டார். 'சரி' என்றது போன். மறுபடியும் 'சரி' என்றது. எது உறுதி, எது சலிப்பு என்று இருவரும் குனிந்து காதை வைத்துக் கேட்டார்கள். நோய் வந்த பிறகு பெர்சி டீச்சர் தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல்முறை. அது தன்னுடைய குரல்தான் என்று அவளுக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரம் ஆனது. பிடிபட்டதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்ணே, நிறுத்துங்க," என்றார் இன்பசேகரன்.

ஞானம் உடனே நிறுத்தினார். வாதாடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவருடைய கைகள் ஆரஞ்சை உரித்து, கொட்டையும் நாரும் நீக்கி, சுளை சுளையாகத் தட்டில் அடுக்கியிருந்தன. நாற்காலியின் மிதிபலகையிலிருந்து டீச்சரின் கால் நழுவியிருந்ததைப் பார்த்து, கிளமெண்ட் குனிந்து அதை எடுத்துச் சரியாக வைத்தார். இவர்கள் கைகள் இவ்வளவு நல்லவையாக இருக்கின்றனவே என்று இன்பசேகரன் நினைத்துக்கொண்டார். வாசல்வரை போய் வழியனுப்பினார். தெருமுனை திரும்பும்வரை சலிப்பும் உறுதியும் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

அதற்குப் பிந்திய கூட்டத்தில்தான் அந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தொனி விதிகள் மனிதர்களிடம் பேசுவதற்கு மட்டும்தான். ஆண்டவரிடம் பேசுவதற்கு விதி இல்லை. அதோடு, ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேச முடியாது. கண்ணை மூடி, தலையைக் குனிந்து, முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் கண்டுபிடித்தவர் கிளமெண்ட். ஆரம்ப ஜெபத்துக்கு எழுந்தார்.

"அன்பின் பரலோகப் பிதாவே, தங்கள் படிப்பைக் குறித்து மேன்மை பாராட்டுகிற சில சகோதரர்கள் எங்கள் நடுவிலே இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. அவர்கள் நெடுஞ்சாலைத் துறையிலே வேலை பார்த்தவர்கள் என்பதை நீர் அறிவீர். அவர்கள் போட்ட சமயநல்லூர் சாலையின் நிலையையும் நீர் அறிவீர். அவர்களை மன்னியும் சுவாமி, ஆமென்."

ஆமென் அடங்குவதற்குள் ஞானம் எழுந்துவிட்டார். கண்கள் இறுக மூடியிருந்தன.

"கர்த்தாவே, உம்மைத் துதிக்கிறோம். நெடுங்காலம் பிரம்பு பிடித்த காரணத்தால், பார்க்கிறவர்களையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றத் துடிக்கிற கைகளுக்கு இளைப்பாறுதலைத் தாரும். ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்பதை அவர்களுக்கு உணர்த்தும். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள் சுவாமி, நீரே சொல்லும்."

அதற்குக் கிளமெண்ட் ஒரு ஜெபம். அதற்கு ஞானம் ஒரு ஜெபம். சில நாட்களில் கமிட்டிக் கூட்டம் ஆரம்ப ஜெபத்தைத் தாண்டி நகராமலானது. யார் ஜெபத்துக்கு யார் உரக்க ஆமென் சொன்னார்கள் என்பதை வைத்துக் கட்சிகள் பிரிந்தன. பயந்தவர்கள் எல்லா ஜெபத்துக்கும் ஒரே அளவு ஆமென் சொல்லப் பழகிக்கொண்டார்கள். வடை ஆறிக் கல்லாகும். கண்ணை மூடியபடியே இன்பசேகரன் தட்டை அடுத்தவருக்கு நகர்த்துவார்.

ஒருநாள் ஜெபத்தின் வேகத்தில் ஞானம் தன்னையும் மறந்துவிட்டார். "இடமோ வலமோ எங்களுக்குத் தெரியாது சுவாமி, அந்தச் சகோதரி எப்படியாவது உள்ளே வரவேண்டும்," என்று குரல் உடைந்து சொன்னார். எதிர்ப்பக்கத்திலிருந்து கிளமெண்ட் எல்லோருக்கும் முன்னால், "ஆமென்!" என்றார்.

கண்ணைத் திறந்ததும் இன்பசேகரன் செயலாளரிடம் ஓடினார். "முடிவாயிருச்சுல்லண்ணே? எழுதிருவோமா?"

செயலாளர் வருத்தத்தோடு பேனாவை மூடினார். "அவங்க ஆண்டவர்கிட்டச் சொன்னாங்கண்ணே. கமிட்டிகிட்டச் சொல்லலையே. ஜெபத்தயெல்லாம் மினிட்ல ஏத்த வழி இல்ல."

அதற்குள் கிளமெண்டும் ஞானமும் ஒருவரையொருவர் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியாகக் குருத்தோலை ஞாயிறு வந்தது.

ஆராதனைக்கு முன்னால், இன்றைக்காவது ஒரு முடிவு எடுங்கள் என்று போதகர் கெஞ்சியதால், கமிட்டி, போதகர் அங்கி மாட்டுகிற அங்கி அறையில் கூடியது. வெளியே பாடகர் குழு ஓலைகளைப் பகிர்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது. புங்கை மரத்தடியில் ஆட்டோவுக்குள் பெர்சி டீச்சர் வெள்ளைச் சேலை உடுத்தி, இடது கையில் ஓலையைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பாதை போடப்பட்டிருக்கவில்லை என்பதை ஆட்டோ வந்து நின்றதுமே அவள் பார்த்தாள். "சரி" என்றுகூடச் சொல்லவில்லை.

"இன்னைக்கு இன்பசேகரன் ஜெபிக்கட்டும்," என்றார் கிளமெண்ட். "பாதிக்கப்பட்டவரு."

"மதிப்பிற்குரிய சகோதரர் சொல்வதில் உண்மை இருக்கலாம்," என்றார் ஞானம், தலையைச் சாய்த்து.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். இன்பசேகரன் எழுந்தார்.

அவரிடம் ஒரு ஜெபம் தயாராக இருந்தது. கூட்டங்களில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நேரங்களில் சொல் சொல்லாகச் சேர்ந்திருந்தது அது. கல்லில் இருக்கும் பெயரும், வாடிய குரோட்டன்ஸும், போனில் பிடித்த 'சரி'யும், எல்லாமே அதில் இருந்தன. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு காலமும் கேட்ட ஜெபங்கள் எல்லாவற்றையும்விட அது நன்றாக இருக்கும். இரண்டு பேரையும் மறுபடி எழுந்திருக்கவே விடாது.

"ஆண்டவரே," என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். ஜெபத்தில் அவர் கண் திறந்தது அதுதான் முதல்முறை. மூடிய கண்களோடு அத்தனை முகங்களும் அவருக்காகக் காத்திருந்தன. கிளமெண்டின் இமை துடித்தது. ஞானம் ஷேவ் செய்யும்போது கன்னத்தில் கீறிக்கொண்டிருந்தார், பஞ்சு ஒட்டியிருந்தது. வயதானவர்கள். அடி வாங்கத் தயாராகக் குனிந்த தலைகள். அடுத்த வாக்கியம் அவருடைய நாக்கின் நுனியில் இனித்தது. அது இனித்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. இதைச் சொல்லிவிட்டால், தானும் இந்த அறையைச் சேர்ந்தவன் ஆகிவிடுவோம் என்று தோன்றியது.

அவர் சொல்லவில்லை. ஆமென் சொல்லவும் வாய் வரவில்லை. சத்தம் எழாமல் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் அதை ஆழ்ந்த மௌன ஜெபம் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதலில் கண் திறக்கிறவராக இருக்க யாருக்கும் விருப்பமில்லை.

பண்டிகை நாள் என்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து, ஆட்டோவின் அருகே கனகலட்சுமி காப்பி டம்ளரோடு நின்றாள்.

"என்னண்ணே, முகமெல்லாம் இப்படி வாடிக் கெடக்கு? டீச்சரும் காப்பி வேணாங்குறாங்க."

"உள்ள போகணும்னு ஆசப்பட்டா. மூணு படி கனகம்மா. அம்புட்டுதான்." இன்பசேகரன் மூன்று விரலைக் காட்டினார். "மூணே மூணு படி."

"உள்ள போகவா?" அவள் திகைத்தாள். "டீச்சருக்கு வெளிய காத்தாட உக்காந்து கேக்குறதுதான் பிடிக்கும்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எத்தன நாளா பக்கத்துலயே நிக்குறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

சொல்லியிருக்கலாம். தெருவைக் கடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். கமிட்டியில் மூன்று முறை மன்னிப்புக் கேட்டவருக்கு, எதிர்வீட்டில் ஒருமுறை உதவி கேட்கத் தோன்றவில்லை.

கனகலட்சுமி தங்கள் வீட்டுப் பாஷையில் மகனைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டாள். உமேஷ் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தான். வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வீட்டுப் பக்கம் போனான். வீட்டை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய பழைய ஒற்றைக் கதவு அவர்கள் வாசலில் கிடந்தது. அவர்கள் வீட்டுக்கும் படிகள் உண்டு. அந்தக் கதவைச் சாய்த்துப் போட்டுத்தான் தினமும் ஸ்கூட்டரை உள்ளே ஏற்றுவார்கள். உமேஷும் பால்பாண்டியும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, தெருவைக் கடந்து கொண்டுவந்தார்கள்.

படிக்கு முன்னால் நின்று உமேஷ் கேட்டான். "எந்தப் பக்கம்ணே போட?"

இன்பசேகரன் அங்கி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நடுவுல போடுறா," என்றாள் கனகலட்சுமி. "இதயெல்லாமா கேப்பாக?"

கதவு படிகளின் மேல் சாய்ந்து படிந்தது. பால்பாண்டி அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு, "லாரியே ஏறும்ணே," என்றான். ஆட்டோவில் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியை விரித்து, பெர்சி டீச்சரை இன்பசேகரன் அதற்கு மாற்றினார். படிப்பக்கம் திருப்பியபோது அவளுடைய கை பதறிச் சக்கரத்தைப் பிடித்தது.

"தூக்க…"

"தூக்கல டீச்சர். சேலைய நான் பிடிச்சுக்கிறேன், நீங்க ஓலையப் பிடிங்க," என்றாள் கனகலட்சுமி.

ஏற்றம் செங்குத்துதான். உமேஷும் பால்பாண்டியும் பின்னாலிருந்து தள்ள, நாற்காலி ஒருமுறை முனகி மேலே ஏறியது. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பாடகர் குழு பாடத் தொடங்கியது. ஓலை பிடித்தவர்கள் நாற்காலியின் இரண்டு பக்கமும் படியேறினார்கள். கனகலட்சுமி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருகணம் தயங்கி, பிறகு டீச்சரின் வழக்கமான இரண்டாம் வரிசைவரை கூடவே வந்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்தாள். பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "கடையத் தொறந்துபோட்டு வந்துட்டேன், வாரேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பாட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் அங்கி அறையில் கண்கள் திறந்தன.

கமிட்டி வெளியே வந்து, வாசலில் கிடந்த கதவைச் சுற்றி நின்றது. உள்ளே தெரிந்த நாற்காலியையும் பார்த்தது.

"நல்ல காரியம்தான்," என்றார் கிளமெண்ட், கண்ணைத் துடைத்தபடி. "நான் இல்லங்கல. ஆனா செஞ்ச விதம் இருக்கே…"

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் ஞானம். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒத்துப்போய்விட்டோம் என்பது இருவருக்குமே சங்கடமாக இருந்தது.

உள்ளிருந்து பெர்சி டீச்சர் அவர்களைப் பார்த்துவிட்டாள். ஓலையை மடியில் வைத்தாள். இடது கையை உயர்த்தி, வாருங்கள் என்று அழைத்தாள். அதில் தொனி எதுவும் இல்லை. வெறும் கை.

கிளமெண்ட் ஓர் அடி எடுத்து வைத்தார். ஞானமும் எடுத்து வைத்தார். ஒரே கதவுப் பலகை. இருவரும் நின்றார்கள்.

"நீங்க முன்னால போங்க," என்றார் கிளமெண்ட்.

"அதெப்படி? நீங்க மூத்தவரு, நீங்க போங்க."

"தாழ்மையில நான்தான் பின்னால வருவேன்."

"உங்களுக்குப் பின்னால வாரது எனக்கு ஒரு பாக்கியம் சார்."

"இல்ல, உங்களுக்குப் பின்னால வாரதுதான் எனக்கு…"

பாட்டு முடிந்து போதகர் முதல் வேதபாடத்தைத் தொடங்கிவிட்டார். இன்பசேகரன் ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தார். வெயிலில் இரண்டு வழுக்கைத் தலைகள் ஒன்றுக்கொன்று குனிந்து வழிவிட்டுக்கொண்டிருந்தன. சிரிக்கலாம் என்று தோன்றியது. சிரிக்கிற அளவுக்குக்கூட அவரிடம் தெம்பு மீதமில்லை. பக்கத்தில் பெர்சி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் கேட்காத பாட்டின் மறுபாதியை இன்று அவள் கேட்டிருந்தாள்.

அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். போதாது என்று தோன்றியது. இரண்டு பேர் நெருக்கியடிக்காமல் உட்காரும்படி, இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.